அது நம் வண்டிச் சக்கரமே இல்லையாம்

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் விரலிடுக்கில் கிரீஸ் வாசனை போகவில்லை. சோற்றைப் பிசைந்தால், நீ வண்டி வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுச் சாப்பிட வந்து உட்காருவாயே, அந்த வாசனை. நீ கண்ணை மூடிப் பதினோரு மாதம் ஆகிறது. உன்மேல் இவ்வளவு கோபம் வந்தது இந்த வாரம்தான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் மோட்டார் பைக்கின் முன்சக்கரம் ஊளையிட ஆரம்பித்தது. தோணிரேவில் நண்டுக் கூடையைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் பழவேற்காடு போய்ச் சேரும்வரை ஒரே சத்தம். படகுக்குப் பக்கத்தில் நிற்கட்டும் என்று வண்டியை ஏரியின் உப்புத் தண்ணீரிலேயே இறக்குவாய். எத்தனை தடவை வேண்டாம் என்றேன்? மெக்கானிக் தாஸ் சக்கரத்தைக் கழற்றியதும் பேரிங் இரண்டும் குண்டு குண்டாக உதிர்ந்தன. மேலே பொறித்திருந்த அளவு நம்பரைத் துரு தின்றிருந்தது.

"வண்டி பழசுதான். ஆனா பேரிங் பொன்னேரில கெடைக்கும்க்கா. வண்டி பேரைச் சொல்லி வாங்கினு வா" என்றான்.

பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். நம்பர் 6201. அச்சில் சரியாக ஏறியது. சக்கரத்துக் குழியில் போட்டால் டம்ளருக்குள் போட்ட புளியங்கொட்டை மாதிரி ஆடியது. மறுநாள், உதிர்ந்து கிடந்த பழைய பேரிங்கைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் கண்ணாலேயே அளந்து வேறொன்றைக் கொடுத்தார். அது குழியிலும் ஆடியது, அச்சிலும் ஆடியது. இரண்டு நாளும் ஷேர் ஆட்டோவுக்குக் காத்துக் கிடந்து நண்டு பாதி செத்தது. செத்த நண்டை எந்த வியாபாரி தொடுவான்?

மூன்றாம் நாள்தான் தாஸ் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாக்கா, இது இந்த வண்டி சக்கரமே இல்லியே."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "வாங்கினதுலேர்ந்து இதே சக்கரம்தான். காட்டூர் ரோட்ல மதகுக் கல்லு மேல மோதியே இதுக்கு ஒண்ணும் ஆவல, தெரியுமா?" என்றேன்.

நான் ஓட்டக் கற்றுக்கொண்ட புதிதில் மோதியதைத்தான் சொன்னேன். என்னை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு நீ வண்டியோடு பின்தங்கிவிட்டாய். இனிமேல் அதைத் தொடவே மாட்டேன் என்று அழுதேன். மறுநாள் சாயங்காலம் வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "பாரு, ஒரு கோணல் கெடையாது. ஏறு" என்றாய். ஏறினேன்.

உன்னோடு படகில் போய்வந்த ஏழுமலை தன் வண்டிக்குக் காற்றுப் பிடிக்க வந்து அங்கேதான் நின்றிருந்தான். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: "அண்ணி, அன்னிக்கே சக்கரம் எட்டு மாதிரி வளைஞ்சிட்ச்சி. நானும் அண்ணனும் கும்மிடிப்பூண்டி போயி, ஒடைக்கப் போட்ட வேற வண்டிலேர்ந்து இத்தக் கழட்டினு வந்தோம். உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னாரு. தெரிஞ்சா நீ வண்டியத் தொட மாட்டேன்னாரு."

ஏழு வருஷம். அந்த மதகுக் கதையை எத்தனை பேரிடம் உன்னை வைத்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்! நீயும் மீன் முள்ளை எடுப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாய். ஒருநாளாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

அன்றைக்கே சக்கரத்தோடு பஸ் ஏறினேன். "இத்த எங்கம்மா வெப்ப, மடிலயா?" என்றார் கண்டக்டர். "மடிலதான் வெச்சிப்பேன்" என்றேன். பொன்னேரி வரை மடியில்தான் இருந்தது. கடைக்காரர் இம்முறை அளவுகோலை எடுத்து அளந்தார். உள்ளே பன்னிரண்டு மில்லிமீட்டர், வெளியே முப்பத்தேழு. 6301. "ரெண்டு பக்கமும் ரப்பர் மூடினதாப் போடுங்கம்மா. உப்புத் தண்ணிக்கு அதான் தாங்கும்" என்றார்.

இன்று காலை வண்டி சத்தமில்லாமல் ஓடியது. கூடையில் ஒரு நண்டுகூடச் சாகவில்லை. நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அன்றே ஓட்டுவதை விட்டிருப்பேன். நீ போன பிறகு இந்தக் கூடையை ஏற்றிப் போக ஆள் ஆளாய்க் கெஞ்சி நின்றிருப்பேன். அது புரிகிறது. புரிந்தும் கோபம் தணியவில்லை.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவுக்குப் போன மாதத்திலிருந்து ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறேன். இன்று மாலை வண்டியோடு மணலில் சாய்ந்துவிட்டாள். கிளச் லீவர் வளைந்துபோனது.

"ஒடைஞ்சிட்ச்சாக்கா?" என்றாள்.

ஒன்றும் ஆகவில்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன்.

"வளைஞ்சிருக்கு. நீதான் வளைச்ச. நாளிக்கு தாஸாண்ட குடுத்து நிமுத்திக்கலாம்."

அவள் முகம் சுருங்கிப்போனது. வண்டியை நிமிர்த்தி நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகப் பார்த்தாள். நான் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

"எங்க போற? வளைஞ்சதோடயே ஓட்டு" என்றேன்.

இரண்டு தரம் இன்ஜின் அணைந்துபோனது. மூன்றாவது தரம் வண்டி நகர்ந்தது.