வெந்த ரொட்டியின் எடை

மார்ச் 4, திங்கள்

காலையிலேயே புது விலைப்பலகையைக் கொண்டுவந்து கடை வாசலில் அடித்துவிட்டுப் போனார்கள். ஆணியும் நான் கொடுத்தது, சுத்தியலும் நான் கொடுத்தது. நானூறு கிராம் ரொட்டிக்குப் போருக்கு முன்னால் என்ன விலையோ இன்றும் அதே விலை. போர் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. குண்டு போடுவதை நிறுத்திவிட்டார்கள், பலகை அடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

விறகுக்குப் பலகை கிடையாது. ஈஸ்டுக்குக் கிடையாது. அரசாங்கம் அளந்து கொடுக்கும் மாவு வாரத்தில் நாலு நாளைக்கு வரும். மீதி மூன்று நாளைக்கு மில்காரரின் பின்வாசலில் போய் நிற்க வேண்டும். அங்கே அவர் வாயில் வருவதுதான் விலை. விற்கிற ஒவ்வொரு ரொட்டியும் கையைக் கடிக்கிறது. விற்க மாட்டேன் என்று கதவைச் சாத்தினால் உரிமம் பறிபோகும். எந்த மகராசன் உட்கார்ந்து யோசித்தானோ, அவன் வீட்டில் ரொட்டி சும்மா வருகிறது போலிருக்கிறது.

தெருவில் ஐந்து ரொட்டிக் கடைகள் இருந்தன. மூன்று மூடியாயிற்று.

தம்பி போரிலிருந்து வந்து இரண்டு மாதம். அவனும் அவன் பெண்டாட்டியும் கடைக்கு மேலே உள்ள அறையில் இருக்கிறார்கள். அவன் வலது கையில் இரண்டு விரல் இல்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு என்னைவிட வேகமாக மாவு வெட்டுகிறான். பார்க்க எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

மார்ச் 6, புதன்

ஈஸ்ட் மறுபடி ஏறிவிட்டது. எழுதவே பிடிக்கவில்லை.

மார்ச் 9, சனி

ஒரு முடிவு எடுத்தேன்.

எங்கள் தொழிலில் மாவைத்தான் நிறுப்போம், வெந்த ரொட்டியை நிறுக்க மாட்டோம். அப்பா காலத்திலிருந்து நானூற்று அறுபது கிராம் மாவு. அடுப்பில் அறுபது ஆவியாகப் போய் நானூறு கிராம் ரொட்டியாக வெளியே வரும். நாளையிலிருந்து நானூற்று நாற்பதுதான் வெட்டப்போகிறோம். ரொட்டி முந்நூற்று எண்பத்திரண்டு வரும். இருபது கிராம் வரை அதிகாரிகள் கண்டுகொள்வதில்லை, காய்ந்ததில் குறைந்திருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த எல்லைக்குள் நின்றுகொள்ளலாம். இருபத்திரண்டு ரொட்டி மாவில் இருபத்து மூன்று ரொட்டி கிடைக்கும்.

தம்பியிடம் சொன்னேன். தப்பு, பாவம் என்றெல்லாம் அவன் பேசவில்லை. பட்டாளத்தில் இருந்தவன், பசி தெரிந்தவன். மாவைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டு, "இந்த மாவு தண்ணியப் பிடிச்சு வைக்கல அண்ணே. ஒரு தடவ சுட்டு, ரொட்டிய நிறுத்துப் பாத்துடலாம்" என்றான்.

எனக்குச் சுருக்கென்று வந்தது. ரொட்டியை நிறுத்துப் பார்ப்பது வாங்குகிறவன் செய்கிற வேலை. இருபத்தாறு வருஷம் இந்த அடுப்பின் முன்னால் வெந்தவன் நான். எனக்கே பாடம் எடுக்கிறாயா, இதைத்தான் பட்டாளத்தில் கற்றுக்கொடுத்தார்களா என்று கேட்டேன். அவன் மாவைத் தொட்டியில் போட்டுவிட்டுக் கத்தியைத் துடைத்தான்.

மார்ச் 14, வியாழன்

ஐந்து நாளாயிற்று, யாரும் கண்டுபிடிக்கவில்லை. வரிசையில் வழக்கமாக நிற்கும் பழைய பள்ளிக்கூட டீச்சரம்மா மட்டும் ரொட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, காற்றை நன்றாக அடைத்திருக்கிறீர்கள் என்றார். வரிசையே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். மனைவிக்குச் செருப்பு வாங்கினேன். பழையது பிய்ந்து மூன்று மாதமாகக் கயிறு கட்டி நடந்துகொண்டிருந்தாள்.

மார்ச் 20, புதன்

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதிவைக்கிறேன்.

மாலை நாலு மணி இருக்கும். வாசலில் முப்பது பேர் வரிசை. விலை அதிகாரி வந்தார். மரப்பெட்டிக்குள் தன் சொந்தத் தராசை வைத்துத் தூக்கிக்கொண்டு அலைவார், அதனால் கடைக்காரர்கள் நடுவில் அவருக்குப் பெட்டிக்காரர் என்று பெயர். ஒரு ரொட்டி, இரண்டு ரொட்டி எடுத்தால் சாக்குச் சொல்லலாம். அவர் பத்து ரொட்டியை எடுத்து மொத்தமாக வைத்தார். பத்துக்கு நாலாயிரம் இருக்க வேண்டும். மூவாயிரத்து அறுநூற்று நாற்பது இருந்தது.

ஒரு ரொட்டிக்கு முப்பத்தாறு கிராம் குறைவு. பதினெட்டுதான் குறையும் என்று நான் போட்ட கணக்கு பழைய மாவுக்கு உள்ள கணக்கு. இந்த மாவு பாழாய்ப்போனது, அடுப்பில் ஏறியதும் தண்ணீரை எல்லாம் விட்டுவிட்டது.

தம்பியின் கையைக் காட்டினேன். விரல் இல்லாத கை, வெட்டும்போது தவறியிருக்கும் என்றேன். அவர் ஒவ்வொரு ரொட்டியாகத் திரும்ப நிறுத்தார். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "கை தவறினா ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும். பத்தும் ஒரே மாதிரி குறையுது. யார் சொல்லி இப்படி வெட்டுனது?"

தம்பி என்னைப் பார்த்தான். வரிசையும் என்னைப் பார்த்தது. கடைக்குச் சீல் வைத்தால் எங்கே போவேன்? என் பெயரில் உரிமம், என் அப்பாவின் அடுப்பு, மூன்று மாதம் மூடிக்கிடந்தால் எவன் சோறு போடுவான்? இதெல்லாம் அப்போது நினைத்தேனா, இப்போது நினைக்கிறேனா? தெரியவில்லை. என் வாய் திறந்தது.

"மாவு வெட்டுறது தம்பிதாங்க. மிச்ச மாவு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க."

எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தேன். சொன்னது இதே வார்த்தைகள்தான்.

தம்பி ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, "ஆமாங்க, நான்தான்" என்றான். அவ்வளவுதான் சொன்னான். வரிசையில் நின்ற ஒருத்தி முன்னால் வந்து அவன் முகத்தில் துப்பினாள். இன்னொருவன் பின்னந்தலையில் அடித்தான். அவன் யாரையும் தடுக்கவில்லை. இரண்டு போலீஸ்காரர்கள் வரும்வரை மாவுப் பலகைக்குப் பக்கத்திலேயே நின்றான். நான் கிட்டே போய், அபராதம்தான் போடுவார்கள், நான் கட்டிவிடுகிறேன் என்று காதில் சொன்னேன். "கடைய மூடாம பாத்துக்க அண்ணே" என்றான்.

அவனைக் கூட்டிக்கொண்டு போன பிறகு வரிசையில் இருந்தவர்கள் என்னைத் தேற்றினார்கள். கூடப் பிறந்தவனே கழுத்தை அறுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்றார்கள். ஒரு பெரியவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். மீதி ரொட்டியை எல்லாம் விற்றேன்.

மார்ச் 21, வியாழன்

மனைவி நேற்றிலிருந்து பேசவில்லை. இன்று மதியம் தட்டை வைத்துவிட்டு, "மிச்ச மாவு எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். உன் காலில்தான் கிடக்கிறது என்றேன். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

பதினாலு மாதம்.

அபராதம் இல்லை. சிறை. உரிமக்காரன் எடையைக் குறைத்தால் அது விலைச் சட்டக் குற்றம், அபராதமும் கடைக்குச் சீலும்தானாம். வேலைக்கு இருப்பவன் அரசாங்கம் அளந்து கொடுத்த மாவை எடுத்தால் அது திருட்டு. எனக்கு அது தெரியாது. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் ஏன் அப்படிச் சொல்லப்போறேன்?

சத்தியம் செய்துதான் சாட்சி சொன்னேன். மேஜையில் கை வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். நீதிபதி கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்றேன். தம்பி பெண்டாட்டி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெளியே வரும்போதுதான் பார்த்தேன்.

ஏப்ரல் 3, புதன்

இன்று பழையபடி நானூற்று அறுபது வெட்டிச் சுட்டு, வெந்த ரொட்டியைத் தராசில் வைத்துப் பார்த்தேன். முந்நூற்று எண்பதுதான் இருந்தது. தம்பி சொன்னது சரிதான்.

ஏப்ரல் 28, ஞாயிறு

தம்பி பெண்டாட்டி சிறைக்குப் போய்விட்டு நேராகக் கடைக்கு வந்தாள். அவனுக்கு இருமலாம், ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத்தான் சாப்பிடுகிறானாம். என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கடை நல்லாப் போகுதான்னு கேட்டாரு மாமா. வேற ஒண்ணும் கேக்கல."

பிறகு கடையில் ஏதாவது வேலை கொடுக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது என்று சொன்னேன். திருடன் பெண்டாட்டி ரொட்டி எடுத்துக் கொடுத்தால் ஊர் என்ன பேசும்? இதை அவளிடமே சொன்னேன். எப்படிச் சொன்னேன்? அவள் சரி மாமா என்று மாடிக்குப் போய்விட்டாள். நாளையிலிருந்தே சலவைக் கூடத்தில் வேலைக்குப் போகப்போவதாக என் மனைவி சுவரைப் பார்த்துச் சொன்னாள். இப்போதெல்லாம் அவள் எனக்குச் சொல்ல வேண்டியதைச் சுவரிடம்தான் சொல்கிறாள்.

மே 17, வெள்ளி

நாலாவது கடையும் போய்விட்டது. அவர் அடுப்புக் கதவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். நேர்மையான மனுஷன், ஒரு கிராம் குறைத்ததில்லை, இத்தனை நாள் தாங்கியதே அதிசயம். மாவு பிசையும் தொட்டியை நான் வாங்கிக்கொண்டேன், பாதி விலைக்குத்தான் கேட்டேன், மறுபேச்சில்லாமல் கொடுத்தார். இனி இந்தத் தெருவுக்கு நான் ஒருவன்தான். அவர் கடை வரிசையும் என் வாசலில்தான் நிற்கிறது.

ஜூன் 22, சனி

விலைக் கட்டுப்பாடு ரத்து. மதியம் ரேடியோவில் சொன்னார்கள். நம்பமுடியாமல் தெருவுக்கு ஓடிப்போய் இரண்டு பேரைக் கேட்டேன். பலகையைப் பிடுங்கி அடுப்பில் போட்டேன், நன்றாக எரிந்தது.

விலையை மூன்று மடங்காக எழுதினேன். திட்டினார்கள், வயிற்றில் அடிக்கிறாயே என்றார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள். எடைக்கும் இனிச் சட்டமில்லை. சாயங்காலம் பெட்டிக்காரர் வந்தார். கையில் பெட்டி இல்லை, துணிப்பை இருந்தது. அவருக்கும் வேலை போய்விட்டதாம். வரிசையில் நின்று ஒரு ரொட்டி வாங்கினார். என் முகத்தைப் பார்த்து, உங்கள் தம்பி எப்படி இருக்கிறார் என்றார். நன்றாக இருக்கிறான் என்றேன்.

ஜூன் 26, புதன்

தம்பியின் வக்கீல் வந்தார். விலைச் சட்டத்தில் உள்ளே போனவர்களை எல்லாம் விடுதலை செய்யப்போகிறார்களாம். நம் ஊரில் நாற்பத்தாறு பேர். மில்காரர்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறார், பின்வாசலில் மாவு விற்றதற்காகப் போன மாதம் உள்ளே போனவர். தம்பி பெயர் இல்லை. திருட்டுக்கு மன்னிப்பு கிடையாது.

அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தால் இருவருமே இன்று வெளியில். சீல் வைத்த மூன்று மாதம் போன வாரமே முடிந்திருக்கும்.

இன்னும் வழி இருக்கிறது என்றார் வக்கீல். ஒரே ஒரு வரி. டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார். 'மாவைக் குறைத்து வெட்டச் சொன்னது நான்தான்.' அதன் கீழே என் கையெழுத்து. ஜூலை பத்துக்குள் கொடுத்தால் தம்பியின் வழக்கு விலை வழக்காக மாறும், அன்றே விட்டுவிடுவார்கள். எனக்கு? பொய்ச் சத்தியத்துக்கு ஆறு மாதமாவது போடுவார்கள் என்றார். உரிமமும் போகும்.

ஜூலை 1, திங்கள்

காகிதம் மேஜையில் கிடக்கிறது. மனைவி அதன்மேல் பேனாவை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

யோசித்துப் பார்க்கிறேன். மூன்று மாதம் முடித்துவிட்டான், மீதி பதினொரு மாதம். இளம் வயசு, பட்டாளத்தில் இதைவிடக் கஷ்டம் பட்டவன். எனக்கு ஐம்பத்தொன்று. இப்போதுதான் காசு கண்ணில் படுகிறது. வெளியே வந்ததும் அவனைப் பங்குதாரனாகவே சேர்த்துக்கொள்ளலாம். நான் உள்ளே போனா கடைய யார் பாப்பா? கடைய மூடாம பாத்துக்கன்னு அவனே சொன்னானே. அவன் சொன்னதைத்தானே செய்யறேன்? வேற என்ன செய்யச் சொல்றீங்க?

யாரைக் கேட்கிறேன், வீட்டில் யாருமில்லை.

ஜூலை 10, புதன்

இன்றோடு கெடு முடிந்தது. அடுப்பைப் பார்க்க வைத்திருக்கும் ஆள் வரவில்லை, நானே நிற்க வேண்டியதாகிவிட்டது. வக்கீல் அலுவலகம் வரை போக நேரமில்லை.

நேரம் இருந்தது.

ஜூலை 12, வெள்ளி

மனைவி மாடி அறைக்குப் போய்விட்டாள், தம்பி பெண்டாட்டியோடு இருக்க. படுக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மாவு வெட்ட ஒரு ஆளைச் சேர்த்தேன். மூடிப்போன நாலாவது கடையில் பதினைந்து வருஷம் இருந்தவர், என் வயசுதான் இருக்கும், சுத்தமான கை. காலை ஆறு மணிக்கு வந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, எவ்வளவு வெட்ட வேண்டும் என்று கேட்டார். நானூற்று நாற்பது என்றேன். விலையை ஏற்றியாயிற்று, எடையை ஏன் ஏற்ற வேண்டும்?

அவர் கத்தியை எடுக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுதிக் குடுத்துடுங்க மொதலாளி."

எதற்கு என்று கேட்டேன். இப்போது சட்டமே இல்லை, யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. தனக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். வெளியே வரிசை சேர்ந்துவிட்டது. மாவு புளித்து மேலே வந்துகொண்டிருந்தது, இன்னும் கால் மணி நேரம் விட்டால் வீணாகிவிடும்.

மாவுப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் கிழித்து எழுதினேன். மாவை நானூற்று நாற்பது கிராமாகக் குறைத்து வெட்டச் சொன்னது நான்தான்.

வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "கையெழுத்து."

போட்டேன். அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு, கத்தியை எடுத்தார்.