ஹாரன் அடித்தால்

என் மகளின் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லித்தான் கூட்டிப்போகிறீர்கள். பூங்கா, நூலகம் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

நேற்று மார்க்கெட் முனையில் என் காருக்கு முன்னால் உங்கள் தெருப் பிள்ளைகள் கைகோத்துச் சாலையைக் கடந்தார்கள். அந்தப் பக்கம் போனதும் திரும்பி, மறுபடியும் கடந்தார்கள். "சிக்னல் வைக்கிற வரைக்கும் இப்படித்தாங்க" என்று நீங்கள் ஒரு லாரிக்காரரிடம் பெருமையடித்தது என் காதிலும் விழுந்தது. எரிச்சலில் ஹாரனை அழுத்தினேன். வரிசையின் கடைசிச் சிறுமி திரும்பிப் பார்த்தாள். என் மகள். நான்தான் என்று தெரிந்தும் இன்னும் மெதுவாக நடந்தாள்.

வீட்டில் கேட்டேன்.

"ஹாரன் அடிச்சா நாங்க மெதுவாத்தான் நடப்போம்மா. அதான் ரூல். யாரா இருந்தாலும்."

'நாங்க'வாம்!

பிரேக் பிடிக்காத ஒரு லாரி போதும். அதை அவளிடம் சொன்னீர்களா? உங்கள் வீராப்புக்கு என் பிள்ளைதான் கிடைத்தாளா?

வரும் ஞாயிறு அவளை உங்களோடு அனுப்ப மாட்டேன். நானே கூட்டி வருவேன். லாரி வரும் பக்கம் நான் நடப்பேன். ஹாரன் அடித்தால் மெதுவாக நடக்க எனக்கும் தெரியும்.

நீங்கள் என்னிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் மகளின் அம்மா