கிரைண்டரில் தெளித்த தண்ணீர்

சம்பந்தியம்மா,

இன்று காலையிலிருந்து வீடு முழுக்கக் கோகோ வறுத்த வாசம். கூடலூரில் தம்பி தோட்டத்திலிருந்து வந்த கொட்டைகள் வாணலியில் படபடவென்று வெடித்ததும் உங்கள் நினைவு வந்துவிட்டது. குன்னூர் முழுக்க மூடுபனி. அடுப்படியில் மட்டும் சுகமான சூடு. உங்களோடு பேச இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் முதன்முதலாக இந்த வீட்டுக்கு வந்ததும் இப்படியொரு கிறிஸ்துமஸ் சமயத்தில்தான். உங்கள் மகளும் என் மகனும் நம் இருவரையும் கேட்காமல் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொண்டு, அவள் நிறைமாதமாக இருந்த நேரம். நீங்கள் கோயில் குளம் என்று இருப்பவர். நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தீர்கள். காபி கொடுத்தால், "இப்பத்தானுங்க குடிச்சுட்டு வந்தேன்." வர்க்கி பிஸ்கட் வைத்தால், "பல்லு வலிங்க." பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அம்மா இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால்தான் தன் கல்யாணத்தை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்று தெரிந்த உங்கள் மகள், உள்ளே அழுதுகொண்டிருந்தாள். எனக்கோ கோபம் மூக்குக்கு மேல். அதை மறைக்கவும் எனக்கு வராது.

அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர் வந்தது. நான் வாசலுக்குப் போனேன். கிரைண்டரில் கோகோ அரைபட்டுக்கொண்டிருந்தது. வறுத்து, தோலுரித்து, முறத்தில் புடைத்து, முந்தின நாள் முழுக்கப் பாடுபட்டது. குளிரில் அது இறுகினால் கரி அடுப்பைச் சற்றுப் பக்கத்தில் நகர்த்தினால் போதும். கல் திணறுகிற சத்தம் கேட்டு நீங்கள் எழுந்து போயிருக்கிறீர்கள். ஆயுசெல்லாம் இட்லிக்கு ஆட்டிய கை சும்மா இருக்குமா?

திரும்பி வந்தால், பளபளவென்று ஓடிக்கொண்டிருந்த சாக்லேட் களிமண்ணாகக் கட்டிக் கிடந்தது.

"மாவு இறுகுதேன்னு ஒரு கை தண்ணி தெளிச்சு உட்டனுங்க," என்றீர்கள்.

"இதுல ஒரு சொட்டுத் தண்ணி படக்கூடாதுங்க! எல்லாம் போச்சு!" என்று கத்திவிட்டேன்.

உங்கள் முகம் வெளிறியது ஒரு நிமிடம்தான். "கத்துனா சரியாயிருமாங்க? பாலைக் காச்சுங்க," என்று முந்தானையைச் செருகிக்கொண்டீர்கள். கட்டியை வழித்துக் கொதிக்கிற பாலில் போட்டு, நாட்டுச் சர்க்கரை சேர்த்துக் கரைத்தீர்கள். அதற்குள் என் அடுப்படியை ஒரு கை பார்த்துவிட்டீர்கள். "ஏனுங்க, ஒரு துண்டு சுக்கு இல்லாம என்னங்க ஊடு இது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல் டம்ளரை உங்களிடமே நீட்டினேன். "கெடுத்தவங்க நீங்க. நீங்களே மொதல்ல குடிச்சுப் பாருங்க."

டம்ளரைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். உங்கள் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவருகே வந்து நின்றாள். நீங்கள் குடித்தீர்கள்.

"சர்க்கரை பத்துலீங்க," என்றீர்கள். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் இன்னொரு கரண்டி போட்டேன்.

அதற்குப் பிறகு எத்தனை டிசம்பர்! கிரைண்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "கையக் கட்டிட்டுத்தான் இருக்கறனுங்க, பயப்படாதீங்க," என்பீர்கள். பேத்தி பிறந்து வளர்ந்தபின் அவளுக்காக ஒரு பங்கை வேண்டுமென்றே கெடுத்துப் பாலில் கரைத்தோம். சண்டையும் போட்டோம், சளைக்காமல்.

ஆனால் நான் பத்திரமாக வைத்திருப்பது, கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீங்கள் சொன்னதைத்தான். உங்கள் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு தூக்கில் கஞ்சி கொண்டுவந்தார்கள். நீங்கள் ஒரு வாய்கூட வாங்கவில்லை. "எங்கூட்ல இருந்து வருமுங்க," என்று சொல்லிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். உங்கள் வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். நினைவு தப்பிவிட்டது என்று அவர்கள் அழுதார்கள்.

நான் தூக்கோடு உள்ளே நுழைந்ததும் அவர்களைப் பார்த்துச் சொன்னீர்கள்: "பாத்தீங்களா, வந்துருச்சு."