வெடித்துப்போன ஏழு முண்டுகள்

பிப்ரவரி 9

டேய் உருளை,

நான் நலம். உன் மாமாவின் முழங்கால் மட்டும் மழை வரப்போவதை முன்கூட்டியே அறிவித்துக்கொண்டிருக்கிறது. மற்றபடி அவரும் நலம்.

போன மாதக் காற்றில் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய மரம் சாய்ந்தது. உடம்பெல்லாம் முண்டு. பார்க்கிறவர்களுக்கு அது மரத்துக்கு வந்த கட்டி. மரத்தைக் கடைந்து கிண்ணம் செய்யும் உன்னைப் போன்ற கடைசல்காரர்களுக்கு அதற்குள்தான் சுழித்துச் சுழித்து ஓடும் அந்த ரேகை. நிற்கிற மரத்தில் முண்டை அறுத்தால் காயம் ஆறாமல் மரம் அழுகிவிடும். விழுந்த மரத்தில்தான் நான் கை வைப்பேன் என்பது உனக்கே தெரியும். வேலை முடிய மூன்று நாள் ஆயிற்று. மாமா மோட்டார் ரம்பம் பிடித்தார், நான் ஆப்பு அடித்தேன், வாயும் நானே அடித்தேன்.

ஏழு முண்டுகள் லாரியில் வருகின்றன. ஈரம் அவசரமாக வெளியேறி மரம் வெடிக்காமலிருக்க, அறுத்த அன்றே வெட்டின முகத்தில் மெழுகு உருக்கிப் பூசிவிட்டேன். ஒரு வருஷமாவது நிழலில் கிடக்கட்டும். வாராவாரம் தராசில் நிறுத்து, எடையைப் பட்டையிலேயே பென்சிலால் எழுதும் உன் வழக்கத்தை விடாதே. எடை இறங்குவது நின்றால்தான் மரம் காய்ந்ததாக அர்த்தம். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்காத கதை உன்னுடையது. அதனால்தான் இத்தனை சொல்கிறேன்.

அக்கா

ஜூன் 5

ஏ அக்கா,

உன் அறிவுரையை எடை போட்டேன். முண்டுகளைவிட அதிகம் வந்தது.

முண்டுகள் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றின் ஓரத்தை லேசாகச் சீவித் தண்ணீர் தொட்டுப் பார்த்தேன். உள்ளே நூறு கண்கள்! என் பெண்டாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதே மாதிரி என்னையும் எப்பவாவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு நல்ல சேதி. புதிதாகத் திறக்கும் பெரிய விடுதி ஒன்றின் வரவேற்பறைக்கு ஏழு கிண்ணங்கள் கேட்டிருக்கிறார்கள். ஏழும் ஒரே மரத்தில் இருக்க வேண்டுமாம். செப்டம்பரில் வேண்டுமாம். கொஞ்சம் சீக்கிரம்தான், இல்லையா? பார்க்கலாம். மாமாவின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்.

உருளை

செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கு அனைவரும் நலம்.

வருத்தத்துடன் எழுதுகிறேன். தாங்கள் அனுப்பிய ஏழு முண்டுகளும் வெடித்துவிட்டன. விடுதி வேலை கைவிட்டுப் போயிற்று. மெழுகு சரியாகப் பிடிக்கவில்லையோ, அறுத்துப் பல நாள் கழித்துப் பூசினீர்களோ, தெரியவில்லை. கடைசல்காரர் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் காரணம் கேட்டார்கள். மரத்தில்தான் கோளாறு என்று சொல்லும்படி ஆயிற்று. தவறாக நினைக்க வேண்டாம்.

தம்பி

அக்டோபர் 3

தம்பி,

அறுத்த அன்றே பூசினேன் என்று எழுதியிருந்தேன். மாலை வெளிச்சம் போவதற்குள் முடிக்க வேண்டுமென்று மாமா சாப்பிடாமல் அடுப்பு ஊதினார். அதை மறுபடி சொல்ல வேண்டியிருப்பதே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

நீ சங்கத்தில் சொன்னது இங்கே வந்து சேர்ந்துவிட்டது. மரம் கேட்டிருந்த கடைசல்காரர்கள் நான்கு பேர் வேண்டாமென்று எழுதிவிட்டார்கள். "சொந்தத் தம்பியே சொல்றாரு, நாங்க என்னம்மா செய்ய?" என்று ஒருவர் போனில் கேட்டார்.

விழுந்த மரத்தில் முண்டு எடுக்க வன அலுவலகம் தந்த அனுமதி நவம்பர் கடைசியோடு முடிகிறது. புதுப்பிக்க, "இவரிடம் மரம் வாங்குகிறோம், தரம் சரி" என்று மூன்று கடைசல்காரர்கள் எழுதித் தர வேண்டும். இன்றைக்கு என் கையில் ஒரு கடிதம்கூட இல்லை. அனுமதி போனால் இந்த வயதில் நானும் மாமாவும் அறுவை மில்லில் பலகை அடுக்கத்தான் போக வேண்டும்.

வெடித்ததில் ஒன்றையாவது திருப்பி அனுப்பு. தவறு என்னுடையதானால் எங்கே என்று நானும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்கா

அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முண்டுகள் இப்போது இல்லை. இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்ததால் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டோம். வேலை அதிகம். பிறகு விரிவாக எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி

அக்டோபர் 29

தம்பி,

நீ அடுப்பில் எரித்த முண்டு ஒன்று நேற்று லாரியில் வந்து இறங்கியது. உன் பெண்டாட்டி சாக்கில் கட்டி அனுப்பியிருக்கிறாள். கூட ஒரு வரிகூட எழுதவில்லை. அவளைத் திட்டாதே. திட்டினால் எனக்குத் தெரிந்துவிடும்.

வாசலில் வைத்து நானும் மாமாவும் பார்த்தோம். மெழுகு தானாக உதிரவில்லை. உளியால் சுரண்டிய கோடு தெரிகிறது. ஒரு பக்கம் தீய்ந்திருக்கிறது. பட்டையில் உன் கையெழுத்தில் எடை வரிசையாக இருக்கிறது. பிப்ரவரியிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை வாரத்துக்கு நூறு கிராம், நூற்றைம்பது கிராம். ஜூன் மூன்றாம் வாரம் மட்டும் ஒரேயடியாக இரண்டு கிலோ இறங்கியிருக்கிறது. எதன் மேல் வைத்தாய், உன் பட்டறைப் பாய்லரா? செய்யக்கூடாததைச் செய்யும்போதும் பென்சிலை எடுத்து ஒழுங்காக எழுதியிருக்கிறாய் பார், உன்னை என்னவென்று சொல்வது?

இந்த முண்டு வருமுன்பே எனக்குச் சந்தேகம்தான். பத்து வயதில் என் மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டு, "அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?" என்று வந்து நின்றவன் நீ. செப்டம்பர் கடிதத்தில் "தாங்கள்" என்று பார்த்ததும் அந்தக் கண்ணாடிதான் ஞாபகம் வந்தது.

அவசரப்பட்டதில் எனக்குக் கோபமில்லை. ஏழு முண்டு போனால் போகட்டும், காற்று இன்னொரு மரத்தைச் சாய்க்கும். என் பெயரை எடுத்து உன் தவறின் மேல் மூடினாய், அதுதான் தாங்கவில்லை. மாமா முண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவன நாமதானே வளத்தோம்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

சங்கத்துக்கு நானே எழுதலாம். முண்டும் எண்களும் என்னிடம் இருக்கின்றன. எழுத மாட்டேன். நீயே சொல். அனுமதி முடிய ஒரு மாதம் இருக்கிறது.

அக்கா

நவம்பர் 10

அக்கா,

இதுவரை ஆறு தாள் கிழித்துவிட்டேன்.

பாய்லர்தான். விடுதிக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். ஈரம் சீக்கிரம் போக மெழுகைச் சுரண்டிவிட்டு ஒரு வாரம் வைத்தால் போதும், யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் பட்டறையில் பட்டாசு மாதிரி ஒரு சத்தம். மறுநாள் ஏழும் வாய் பிளந்து கிடந்தன. மரம் காயவைப்பது பற்றிச் சங்கத்தில் வகுப்பு எடுக்கிறவனே நான்தான், அக்கா. அத்தனை பேர் முன்னால் அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. உன் பெயர்தான் வந்தது. உன் பெயர் என்றால் நீ சண்டை போட்டுவிட்டு விட்டுவிடுவாய் என்று உள்ளுக்குள் ஒரு தைரியம். வெட்கமாக இருக்கிறது.

நேற்று ஞாயிறு காலைக் கூட்டத்தில், எரித்துவிட்டதாக உனக்குப் பொய் எழுதினேனே, அந்த மிச்சம் ஆறையும் மேசைமேல் வைத்தேன். "மெழுகச் சுரண்டுனது நான். பாய்லர் மேல வெச்சது நான். எங்க அக்கா மரத்துல ஒரு குத்தமும் இல்ல" என்றேன். யாரும் திட்டவில்லை. தலைவர் மட்டும், "ஏம்ப்பா, நீதானே எங்களுக்கு வகுப்பு எடுத்தே?" என்றார். இனி எடுக்க வேண்டாமென்று பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

இரண்டு பேர் வன அலுவலகத்துக்குக் கடிதம் தந்திருக்கிறார்கள். மூன்றாவது நான் எழுதியது. மூன்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். மாமாவிடம் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

உருளை

நவம்பர் 28

டேய்,

அனுமதியைப் புதுப்பித்துவிட்டார்கள். மூன்று வருஷத்துக்குக் கவலையில்லை. வேண்டாமென்ற நால்வரில் மூவர் மறுபடி கேட்டு எழுதிவிட்டார்கள்.

உன் கடிதத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு ரம்பத்துக்கு எண்ணெய் போடப் போனார். திரும்பி வந்து, "பயல் ஒழுங்கா சாப்பிடுறானாமா?" என்று கேட்டார். நீ அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

நீ எழுதிய தரச் சான்றை நான் அலுவலகத்தில் கொடுக்கவில்லை. மரப் பேனா கடைகிற ஒரு பெண் தானாகவே எழுதித் தந்தாள், அதை வைத்து மூன்று ஆக்கினேன். உன்னுடையது அலமாரியில் இருக்கிறது. "எங்கள் அக்காவின் மரம்" என்று அதில் எழுதியிருக்கிறாய். அலுவலகத்துக் கோப்பில் போட எனக்கு மனம் வரவில்லை.

வகுப்பு போனதற்கு வருந்துகிறேன், நிஜமாக. ஆனால் இனி உனக்கு லாரியில் மரம் அனுப்ப மாட்டேன். மற்றவர்களைப் போல நீயும் இங்கே வந்து, என் எதிரில் மெழுகு பூசி, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போக வேண்டும். அதுவும் இந்த வருஷம் வேண்டாம். உன்னோடு வியாபாரம் பேச எனக்கு இன்னும் முடியவில்லை.

தம்பியாக வருவதானால் எழுதக்கூட வேண்டாம், புறப்பட்டு வா. உன் பெண்டாட்டியையும் கூட்டி வா. படுக்கை போட்டு வைத்திருக்கிறேன்.

அக்கா