வலமாகவே சுற்றும் மைதானம்

வெள்ளிக்கிழமை. பௌர்ணமிக்கு மறுநாள்.

நேற்று கிரிவலமாக மலை சுற்றிய கால் இன்னும் வலிக்கிறது. அதைவிட இவர் முகத்தைப் பார்க்கத்தான் அலுப்பாக இருக்கிறது.

கோல்ஃப் மைதானங்களுக்குப் படம் வரைந்தே பிழைக்கிற மனுஷர். இப்போது கையில் இருப்பது ஏற்காட்டு வேலை ஒன்றுதான். அங்கே ஓட்டல் கட்டப்போகிறவர் மத்தியானம் போன் பண்ணினார்.

"குழி குழியா சுத்தி வந்து ஆட்டம் ஓட்டல் வாசல்ல முடியணும் சார், உங்க படத்துல எதிர்ப்பக்கம் முடியுது. உங்க மைதானம் எல்லாமே ஏன் வலப்பக்கமாவே சுத்துது? நாளைக்குள்ள இடப்பக்கமா மாத்துங்க, இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்றாராம்.

இவர் ஊர் ஊராய்ப் போட்ட பழைய படங்களைக் கூடம் முழுக்க விரித்தார். எல்லாமே நாம் மலை சுற்றுகிற மாதிரி வலம்தான். இத்தனை வருஷமாக இவருக்கே அது தெரியவில்லை.

"பந்து அடிக்க வர்றவங்களைச் செருப்பையும் கழட்டச் சொல்லிடுங்க" என்றேன். சிரிக்கவில்லை.

"இடப்பக்கமா போட்டுப் பாத்துட்டேன். கையே வரமாட்டேங்குது வள்ளி" என்றார். குரல் இறங்கிப்போயிருந்தது. எனக்கும் என்னவோ போல ஆகிவிட்டது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"ஓட்டல் இன்னும் கட்டல இல்ல? அதைத் தூக்கி ஆட்டம் முடியற பக்கம் வைங்க."

நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு ரப்பரை எடுத்து, படத்தில் இருந்த ஓட்டலை அழித்தார்.

அந்த ஆள் ஒத்துக்கொள்வாரா, தெரியாது. ஒத்துக்கொள்ளாவிட்டால்... அதை நாளைக்கு நினைத்துக்கொள்ளலாம். இவர் இன்னும் வரைந்துகொண்டிருக்கிறார். மலை சாமியாச்சே, அந்தப் பக்கம் கால் நீட்டாமல் திரும்பிப் படுக்க வேண்டும். கண் சொருகுகிறது.