முன் சீட்டில் பூனை மணல்

சிவமயம்

இல்-பிசார், மொன்றியல்
மாசி 2004

அன்பு மகள் பிரஷாந்தினிக்கு அம்மா எழுதுவது,

இந்தக் குளிருக்குள் எவ்வளவு சுகமாக இருக்கலாமோ அவ்வளவு சுகமாக அப்பாவும் நானும் இருக்கிறோம். அங்கே மெல்பேர்னில் நீயும் மருமகனும் குட்டி கயலும் வெயிலில் வாடாமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும். போன கிழமைதானே ரெலிபோனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று யோசிப்பாய். நீ எடுக்கிற நேரமெல்லாம் அப்பா குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கிற மற்ற ரெலிபோனைத் தூக்கி மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார், அது எங்களுக்குத் தெரியாது என்பது அவருடைய எண்ணம். அவரைப் பற்றிய கதையை அவருடைய காதுக்குள்ளேயே எப்படிச் சொல்வது. அதனால் அவர் மேலே டயாலிசிஸ் கட்டிலில் படுத்திருக்கிற நேரத்தில் கீழே ஆஸ்பத்திரிக் கன்ரீனில் இருந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மேசை ஆடுகிறது என்று எடுத்துக்கொள், எனக்குக் கை நடுங்குகிறது என்று சிவராசா மாமாவுக்குச் சொல்லிவிடாதே.

நீ சொன்னதைச் சுருக்கினால், காரை விற்க வேண்டும், வீட்டை விற்க வேண்டும், புரோசார்டில் சிவராசா மாமாவுக்குப் பக்கத்தில் ஒரு அப்பார்ட்மென்ற் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். மாமா என் தம்பி, நல்லவன், என்மேல் உயிரையே வைத்திருக்கிறான், ஆனால் சின்ன வயதிலிருந்தே ஒரு கீறலைக் கண்டால் தையல் போட்டதாகச் சொல்கிற ஆள். கார் பாலத்திலிருந்து ஆற்றுக்குள் விழப் பார்த்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு நாங்கள் பாலத்துக்கு வந்து சேரவே இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், வாசித்து முடித்துவிட்டுக் கோபப்படு.

ஐப்பசியில் கண் டாக்டர் அப்பாவின் லைசென்ஸை நிறுத்தியது உனக்குத் தெரியும். சீனி வியாதி சிறுநீரகத்தோடு நிற்காமல் கண்ணுக்கும் வந்துவிட்டது. இந்த ஊரில் அத்தனை மாரிகாலமும் ராக்சி ஓட்டிய மனுசன், ஒரு காகிதம் தபாலில் வந்ததோடு பயணியாகிவிட்டார். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கிழமையில் மூன்று நாள் போகாமல் முடியாது, ஆற்று நடுவில் இருக்கிற எங்கள் தீவுக்கு எப்போதாவது வருகிற பஸ்ஸைப் பற்றி நான் உனக்குச் சொல்லத் தேவையில்லை. நோயாளிகளை ஏற்றுகிற சின்ன பஸ் வாசலுக்கே வரும், ஒரு நாள் வந்தது, அவர் ஜன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு அறைக்குள் போய்விட்டார். காரையும் வீட்டையும் விற்கிற கதையை நான் மெல்ல எடுத்தபோது, வில்லும், பேந்து நான் அந்த டயாலிசிஸ் ஊசிக்கும் போகமாட்டன் எண்டு வைச்சுக்கொள்ளும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டு சொன்னார். கோபத்தில் சொல்வதை அப்பா செய்ய மாட்டார், சாப்பிடும்போது சொல்வதைச் செய்துவிடுவார், இத்தனை வருடம் கூட இருந்தவளுக்கு அது தெரியும். டயாலிசிஸ் நின்றால் எத்தனை நாள் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லியிருக்கிறா. ஆகவே இந்தக் கார் கதை கார் கதை இல்லை, பிள்ளை.

எனக்கு லைசென்ஸ் இருந்தது என்றாலும் கோடையில் கோயிலுக்கும் கடைக்கும் போனதுதான் என் ஓட்டம். முதல் பனி விழுந்த அன்று கார்த் திறப்பு அவருடைய சட்டைப்பைக்குள் போனால் சித்திரையில்தான் வெளியே வரும். இந்த மாரியில்தான் அது என் கையில் இருக்கிறது. காருக்கு விண்டர் ரயர் புதிதாகப் போட்டோம், அதில் அவர் ஒரு சதம் குறைக்க விடவில்லை. புது ரயர் என்றபடியால் ஏற்றி நசுக்க அடியில் தேசிக்காய் வைத்தேன். குளிரில் அவை கல்லாகிவிட்டன, ஒன்று நசுங்காமல் வழுக்கிக்கொண்டு எதிர்வீட்டுப் பிரெஞ்சுக்காரரின் வாசலில் போய் நின்றது. அவர் அதை எடுத்துவந்து பவ்வியமாக என் கையில் தந்தார்.

சறுக்கியது பொங்கல் முடிந்த கிழமை. அப்பா பக்கத்து சீட்டில் இருந்தார். அவருக்குத் தெரு மங்கலாகத்தான் தெரியும், ஆனால் வாயும் காலும் பழையபடி வேலை செய்யும். முன்னால் சிவப்பு வெளிச்சம் ஒன்று கண்டால் அவருடைய வலது கால் நிலத்தை ஓங்கி மிதிக்கும், அங்கே பிறேக் இல்லை என்பது காலுக்குத் தெரியாது. சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் அவருடைய கால் போனால் என்னுடைய காலும் போய்விடும். அவர் எழும்பினால் எழும்பி, இருந்தால் இருந்து பழகிய உடம்பு, நான் நினைக்க முதலே அது கீழ்ப்படிந்துவிடுகிறது. பாலத்துக்கு முன்னால் இருக்கிற சிக்னலில், பிடியும், பிறேக்கைப் பிடியும் என்று அவர் கத்தினார், அவருடைய கால் மிதித்தது, நான் ஐஸில் முழுப் பலத்தோடு மிதித்தேன். கார் ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியைப் பார்த்துக்கொண்டு, பனி வழித்து ஒதுக்கிய கும்பிக்குள் பின்பக்கத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை. வழியில் வந்த பிக்கப்காரர் ஒருவர் கயிறு கட்டி இழுத்துவிட்டு, நன்றிக்கு ஒரு மெர்சி நான் சொல்ல முதல் போய்விட்டார். இதைத்தான் அப்பா மாமாவுக்குச் சொல்லி, மாமா ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், உன்னிடம் வரும்போது ஆற்றுக்குள்ளேயே இறக்கிவிட்டான்.

நீ பயப்படுவது எனக்கு விளங்குகிறது. கிட்ட இருந்து பயப்படுவதைவிடத் தூர இருந்து பயப்படுவது கஷ்டம். நானும் பயந்தேன், இரண்டு இரவு நித்திரை இல்லை. மூன்றாம் நாள் ரொக்ஸ்பரோவில் இருக்கிற செல்வமலரைக் கூப்பிட்டேன். கோயிலில் உன்னுடைய சேலைக்குப் பின் குத்திவிட்ட செல்வமலர்தான், இப்போது மஞ்சள் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாள், வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்றாலும் பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய் விடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைகள் திறக்க முதல் வெறும் பார்க்கிங்குக்கு என்னைக் கூட்டிப்போய், அக்கா, இப்ப வேணுமெண்டு சறுக்குங்கோ என்றாள். வேண்டுமென்று சறுக்குவதற்குத்தான் எனக்கு முதலில் மனம் வரவில்லை. சறுக்கத் தொடங்கினவுடன், காலை எடுங்கோ, ரெண்டையும் எடுங்கோ, மின்கம்பத்தைப் பாராதேங்கோ, போக வேண்டிய பக்கத்தைப் பாருங்கோ, கண் போற பக்கம்தான் கை போகும் என்று கத்தினாள். முதல் கிழமை மின்கம்பத்தைப் பார்த்துப் பார்த்து அதற்கே போனேன், நல்லகாலம் சுற்றிவரப் பனி குவித்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு கொஞ்சம் வசப்பட்டது. திரும்ப முதலே வேகத்தைக் குறை, திரும்பும்போது குறைக்காதே, முன் காருக்கு நல்ல இடைவெளி விடு, அதற்குள் இன்னொருவன் புகுந்தால் போகட்டும், அவனுக்கும் சேர்த்து இடைவெளி விடு என்றாள். காரின் கூரையில் இருக்கிற பனியையும் தட்டாமல் தெருவில் இறங்காதே, பிறேக் பிடிக்க அது முன்கண்ணாடியில் சரியும் என்றாள். அப்பாவின் காலைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கவில்லை. அண்ணையைப் பின்னுக்கு இருத்துங்கோ என்றாள்.

அதை அவருக்கு நான் எந்த வாயால் சொல்வது. ராக்சியில் யார் யாரையோ பின்னால் வைத்து ஓட்டியவரைப் பின்னால் போய் இரும் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. செல்வமலர் சொல்லி, ரயர் புதைந்தால் அடியில் போடப் பூனைக்கு வைக்கிற மணல் ஒரு பெரிய பை வாங்கி வைத்திருந்தேன். அதை எடுத்து முன் சீட்டில் வைத்து, பெல்ற்றையும் போட்டுவிட்டேன். அப்பா வந்து கதவைத் திறந்து பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் ஏறினார். அன்று தொடக்கம் ஆஸ்பத்திரி போகும் வரைக்கும் ஒரு சொல் இல்லை, திரும்பும்போதும் இல்லை. வீட்டில் கறிக்கு உப்புக் காணாது என்பது மட்டும் பேச்சு. எனக்கு மனம் வலித்தது, ஆனால் கார் நேராகப் போனது. இடையில் தெருமுனை தெப்பனர் கடையில் மணல் வாங்கிய என்னிடம் கடைக்காரர் பூனை எப்படி இருக்கிறது என்று கேட்கத் தொடங்கிவிட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் மணலைப் பற்றி விளக்க முடியாது, நல்லாய் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். இப்போது பெயர் கேட்கிறார்.

போன சனிக்கிழமை ஐஸ் மழை பெய்தது. அப்பாவுக்கு மெசினில் இருந்து கழற்றியதும் நான் உடனே வெளிக்கிடவில்லை, ஐஸ் உருக உப்புப் போடுகிற வண்டி தெருவில் போகும் வரைக்கும் இங்கேயே காத்திருந்து அதன் பின்னால் மெல்லப் போனேன். பாலத்துக்கு வரும்போது அந்த வண்டி வேறு பக்கம் திரும்பிவிட்டது. பாலத்தின் நடுவில் எனக்கு முன்னால் போன கார் பிறேக் பிடித்தது, பிடித்தவுடன் குறுக்கே திரும்பிச் சறுக்கியது. என் காரும் வழுக்கத் தொடங்கியது. அந்த நேரத்தில் எனக்குத் தேவாரம் ஒன்றும் வரவில்லை, காலை எடுங்கோ என்ற செல்வமலரின் குரல்தான் வந்தது. காலை எடுத்தேன். அந்தக் காரைப் பார்க்காமல் அதற்கும் பாலத்துக் கம்பிக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தேன், கையை மெல்லத் திருப்பினேன், கார் தன் பாட்டில் போய், ரயர் எங்கேயோ பிடித்து, அந்த இடைவெளிக்குள் வந்து நின்றது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மயங்கிவிட்டாரோ என்று கண்ணாடியில் பார்த்தேன். கம்பளிக் கையுறையை வாய்க்குள் வைத்துக் கவ்விக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை. ஏன் கத்தவில்லை என்று கேட்டேன். நான் கத்தியிருந்தா நீர் மிதிச்சிருப்பீர் என்றார். அவருடைய காலோடு என் காலும் போகிறதைப் பற்றி நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, செல்வமலரும் சொல்லவில்லை என்று சத்தியம் பண்ணுகிறாள். அவருக்கு எப்போதிருந்து தெரியுமோ தெரியாது. அன்று இரவு கறியில் உப்புச் சரியாக இருந்ததாம்.

இன்று காலை நான் கண்ணாடியில் பனி சுரண்டிக்கொண்டிருக்க அவர் எனக்கு முதல் வந்து, முன் சீட்டில் இருந்த பையை, ஊசி போடுகிற கையால் பாரம் தூக்கக் கூடாது என்றபடியால் மற்றக் கையால் இழுத்துக்கொண்டு போய்ப் பின்னால் டிக்கிக்குள் போட்டார். பிறகு முன்னால் ஏறி, பனிச் சப்பாத்து இரண்டையும் கழற்றிக் காலடியில் வைத்துவிட்டு, சீட்டில் சப்பாணி கட்டி இருந்து பெல்ற்றைப் போட்டார், பந்தியில் இலைக்கு முன்னால் இருக்கிறவர் மாதிரி. கீழ வைச்சா கால் விறைக்குது என்று அவராகவே சொன்னார். எங்கள் காரில் ஹீற்றர் காலடியில்தான் வருகிறது. அந்தச் சிக்னலுக்கு வரும்போது முழங்கால் ஒரு தரம் துள்ளியது, கையால் பிடித்து அமர்த்திக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, கார் ஓட்டும்போது அதுவும் கூடாது என்று துடைத்துக்கொண்டேன்.

ஆகவே காரை விற்கவில்லை, வீட்டையும் விற்கவில்லை. மாமாவுக்கு நானே சொல்கிறேன். என்னால் முடியாத ஒரு நாள் வரும், அன்றைக்கு உனக்கு ஒளிக்காமல் சொல்வேன், அந்த வார்த்தையை நம்பு. ஐஸ் மழை கடுமையாக இருந்தால் போகாமல் ஆஸ்பத்திரிக்கு ரெலிபோன் பண்ணி நாளை மாற்றிக் கேட்கவும் இப்போது பழகிவிட்டேன். மார்கழியில் நீங்கள் வருவதாகச் சொன்னீர்கள், சந்தோசம். வந்த உடனே திறப்பைத் தா என்று நிற்காதே. பனியைக் கண்டு எத்தனை வருடம் உனக்கு, முதலில் ஞாயிற்றுக்கிழமை பார்க்கிங்குக்கு வா, மின்கம்பத்தை உனக்குக் காட்டுகிறேன்.

கயலுக்கு இருமல் என்றாயே, கற்பூரவள்ளி கிடைத்தால் அவித்துக் கொடு. மருமகனைக் கேட்டதாகச் சொல். அவருடைய கார் ரயர் தேய்ந்திருந்தால் வெயில் நாடு என்று இருந்துவிடாமல் மாற்றச் சொல், மழைக்கும் அது வழுக்கும். மூவரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மேலே அவருக்கு முடிகிற நேரம், நான் போய்க் காரைச் சூடாக்க வேண்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. ரெலிபோனில் இந்தக் காலைப் பற்றி மூச்சு விடாதே, அவர் குசினியில் கேட்டுக்கொண்டிருப்பார். உனக்குத் தெரியும் என்று தெரிந்தால் அடுத்த நாளே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காலைக் கீழே வைத்துவிடுவார்.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்
அம்மா