சுருள் கம்பி இல்லாத குழாய்

எழுந்ததும் படி. நீ என்னோடு பேசுவதில்லை, அதனால் எழுதுகிறேன். முட்டை வேகவைத்து மூடியிருக்கிறேன். சாவி மீட்டர் பெட்டி மேல்.

உன் தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட்டை நேற்று வாங்கினேன். தூக்கத்தில் மூச்சடைக்கும் நோயாம். "குண்டா இருக்கறவங்களுக்குத்தானே வரும், இவ ஒல்லியாச்சே?" என்று டாக்டரிடம் கேட்டேன். "அவங்களுக்குத் தாடை சின்னது. தூங்கறப்போ தசை தளர்ந்து நாக்கு பின்னால சரியுது. மூச்சை இழுத்தா தொண்டை ஒட்டிக்குது" என்றார். பம்பு வேலையில் நான் தினமும் பார்ப்பதுதான்! உறிஞ்சும் குழாய்க்குள் சுருள் கம்பி இல்லாவிட்டால், இழுக்கிற இழுப்பில் சப்பையாகிவிடும். "தொண்டையில ஏன் கம்பி இல்லை?" என்றேன். சிரித்தார். "வளைஞ்சு கொடுத்தாதான் விழுங்க முடியும், பேச முடியும்." நீ என்னைத் திட்டுவதற்கென்றே செய்து வைத்த வசதி!

அடுத்து அவர் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். மணிக்கு முப்பத்தொரு தடவை அடைக்கிறதாம். முப்பத்தொரு தடவையும் உன் மூளை உன்னை லேசாக எழுப்பி, தொண்டையைத் திறந்துவிட்டு, மறுபடி தூங்க வைக்கிறது. உனக்கே தெரியாமல்! இருபது வருஷமாக ரிப்பேர் பார்க்கிறேன், இப்படி ஒரு மெக்கானிக்கைக் கண்டதில்லை.

பதினோரு மணிக்கு மெஷின் கொண்டு வருவார்கள். தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொண்டால், தொண்டை ஒட்டாமல் காற்றாலேயே தாங்கிப் பிடிக்குமாம். கதவைத் திறந்துவிடு.

பி.கு: ஞாயிற்றுக்கிழமை தட்டில் கை வைத்தபடியே நீ கண்ணயர்ந்தபோது, உன் தம்பி முன்னால் "தூங்குமூஞ்சி" என்று சொல்லிவிட்டேன். நீ தூங்கவே இல்லையடி. இத்தனை வருஷமும் பக்கத்தில் படுத்துத் தூங்கியது நான்தான்.